கையெழுத்துப் போடாமல் போய் வா

மகளே,

கறித்தூள் வறுத்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதெல்லாம் எழுத வரும். இன்று வியாழன் பின்னேரம், எனக்கு வேலையில்லாத நேரம். நீ சனிக்கிழமை விடியப் பறக்கப் போகிறாய், பசிபிக் கடலில் புயல் அடித்துப்போட்ட ஒரு தீவு நாட்டுக்கு. அதற்கு முன், நாளைக்குள் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தா என்று உன் பணிப்பாளர் கேட்டிருக்கிறார். போடு என்று ஊரே சொல்கிறது. போடாதே என்று சொல்ல ஒருவனாவது வேண்டுமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உனக்கு ஒரு பிரதி, நம் மண்டபத்துப் பலகையில் குத்த ஒரு பிரதி. ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் விளக்கமாக எழுதுவேன், பொறுத்துக்கொள். இத்தாலிக்கு வந்து பலெர்மோவில் இருக்கிற நம்மவர்கள் அரைகுறையாகக் கேட்டதை முழுதாக வாசிக்கட்டும்.

புயல் செய்தி வந்த கிழமையே நம் குசினி மேசை உன் அலுவலகமாகிவிட்டது. கால்சாவில் துறைமுகத்தை ஒட்டிய அந்த நிவாரண நிலையத்தில் உனக்கு ஒரு கதிரையும் பாதி மேசையும்தான், அதனால் வரைபடங்கள் எல்லாம் வீட்டுக்கு வந்தன. நான் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். நீ தீவுக்குத் தொலைபேசி எடுத்துக் கத்திக் கத்திக் கதைத்தாய். மறுமுனையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. என்ன வேண்டும் என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினாய். பிறகு எனக்கு விளங்கப்படுத்தினாய். இங்கிருந்து கப்பல் போய்ச் சேரக் கிழமைக்கணக்கில் ஆகும், பசி அவ்வளவு காலம் காத்திராது, எனவே சாப்பாடு பக்கத்து நாடுகளிலிருந்துதான் போக வேண்டும். நம் கொள்கலன் போய் இறங்கும்போது அந்தச் சனம் வீடு கட்டத் தொடங்கியிருக்கும். அப்போது வேண்டியது கூரைத் தகடு, ஆணி, கம்பி, கயிறு, வாள், சுத்தியல். அடுத்த புயல் காலம் வருவதற்குள் கூரையை இறுக்கிக் கட்டிவிட வேண்டும். எது முதலில் தேவையோ அதைக் கடைசியில் ஏற்ற வேண்டும், கதவைத் திறந்ததும் அதுதான் கைக்கு வரும். இதையெல்லாம் நீ சொன்னபோது எனக்கு உள்ளே ஒரு கர்வம் வந்தது. என் பிள்ளை உலகத்தின் மறு மூலையில் இருக்கிற கூரையைப் பற்றி யோசிக்கிறாள் என்று நினைத்தேன்.

இவ்வளவையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு நேரே வுச்சீரியாச் சந்தைக்குப் போய்த் தூள் வறுக்கச் சம்மதித்தவனும் நான்தான். சந்தைக்குப் பின்னால், தேவாலயத்தார் நமக்கென்று விட்டுத் தந்த மண்டபத்தில் அன்று கூட்டம். மன்னார்க் கத்தோலிக்கரும் யாழ்ப்பாணத்துச் சைவரும் ஒன்றாக உட்கார்ந்து, புயலில் அடிபட்டவர்களுக்கு நாம் என்ன கொடுப்பது என்று யோசித்தோம். கடைசியில் பவளம் அக்கா எழுந்தார். மண்டபத்துச் சமையல் முழுவதும் அவர் பொறுப்பு. அவர் வாய் திறந்தால் அதற்கு மேல் அங்கே பேச்சில்லை.

“மீன் கடலிலை கிடக்கு. தேங்காய் முழுக்க விழுந்து நிலத்திலை கிடக்கு. அரிசி ஆராவது குடுப்பினம். தூள்தானே இல்லை,” என்றார்.

இதைவிடத் தெளிவான திட்டத்தை நான் கேட்டதில்லை. நீ விரித்துவைத்த வரைபடம் எல்லாம் மறந்துபோயிற்று. மிளகாயும் மல்லியும் வறுத்தோம், சந்தை முழுவதும் தும்மியது. மீன்கடைக்காரர் ஒருவர் கத்தியும் கையுமாக வந்து கதவடியில் நின்று, உள்ளே என்ன எரிகிறது என்று கேட்டார். அரைப்பதற்குத் தெருமுனைக் கோப்பிக் கடைக்காரர் தன் பழைய மெஷினைத் தந்தார். பாவம், இன்றுவரை அவருடைய கோப்பியில் பெருஞ்சீரக வாசம் போகவில்லை. பைபையாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் பலெர்மோத் தமிழர் என்று எழுதி ஒட்டி அடுக்கினோம். வாழ்நாளில் நான் அவ்வளவு மகிழ்ச்சியோடு கண்ணீர் விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ மண்டபத்துக்கு வந்தாய். நீ கைதட்டுவாய் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பையை எடுத்து மணந்து பார்த்துத் திரும்ப வைத்தாய்.

“இது அங்கை போக ஏலாது. அவை உறைப்புத் தின்னுறேல்லை. தண்ணி பழுதாகி, பிள்ளையளுக்கு வயித்தாலை போகுதாம். அந்த நேரத்திலை இதைக் குடுத்தா என்ன நடக்கும்?”

பவளம் அக்கா இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நீ கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். எங்கள் கை பட்டது அந்தப் பெண்ணுக்குக் கூடாதாம் என்று கதை பரவியது. சந்தையில் உன் அம்மாவைக் கண்டவர்கள் கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். எனக்கும் பொல்லாத கோபம். நாலைந்து நாள் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தூள் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன், அதற்காக வெட்கப்பட மாட்டேன். நாங்கள் மீந்ததைக் கொண்டு வரவில்லை. எங்களிடம் இருந்ததிலே நல்லதைக் கொண்டு வந்தோம்.

மீந்தது அதற்குப் பிறகுதான் வந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து கடைகளில் தேங்கிக் கிடந்த பனெத்தோனேயை ஒரு மொத்த வியாபாரி உங்கள் நிலையத்துக்கு லொறியில் அனுப்பினார். அந்த உயரமான, திராட்சை போட்ட இனிப்புப் பாணைத் தெரியாதவர் இந்த ஊரில் இல்லை. அந்த வியாபாரி யார் என்றால், லிபெர்த்தாத் தெருவில் நான் சமைக்கிற வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் தம்பி. பத்திரிகைக்காரர் வந்து படம் எடுப்பார்கள், இடம் பண்ணு, தகட்டில் பாதியைப் பட்டியலிலிருந்து இறக்கு என்று பணிப்பாளர் உன்னிடம் சொன்னார். பணிப்பாளரையும் நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். நிலையத்துக் கட்டடத்துக்கு வாடகை வாங்காமல் விட்டிருப்பது அந்த வியாபாரிதான் என்று நீயே எனக்குச் சொன்னாய்.

பனெத்தோனேயில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல பண்டம். ஒவ்வொரு தை மாதமும் சிஞ்ஞோரா வீட்டில் மிஞ்சியதெல்லாம் என் கையில்தானே வந்தது. நீ சின்னவளாக இருக்கும்போது காலையில் பனெத்தோனே, பின்னேரம் பனெத்தோனே. தின்று தின்று அலுத்துப்போய் அம்மா அதை உதிர்த்துத் தேங்காய்ப்பூ போட்டு நீத்துப்பெட்டியில் அவித்துப் பார்த்தாள். புட்டு என்று சொல்லி உன் முன்னால் வைத்தாள். நீ ஒரு வாய் வைத்துவிட்டு, இது புட்டு இல்லை, இது பொய் என்றாய். அம்மா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு வேளை பனெத்தோனே வயிற்றுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அது ஏறுவதற்காகக் கூரை இறங்க வேண்டும் என்றால், மழையில் கிடக்கிறவர்களிடம் போய் அதை யார் சொல்வது?

நீ பணிப்பாளரிடம் சொன்னது எனக்கு வேறு வாயால்தான் தெரியவந்தது. கப்பல் அந்த வெக்கையில் போய்ச் சேருவதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும், தகடு இறங்காது, வேண்டுமென்றால் இதை இங்கேயே கால்சாவில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றாயாம். குரலை உயர்த்தவில்லையாம். பத்திரிகைக்காரர் படம் எடுக்காமலே திரும்பிப் போனாராம். கேட்டதும் நான் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டேன். மண்டபத்தில் எங்களுக்குச் சொன்ன அதே சொல்லை, உன் சம்பளத்தைக் கையில் வைத்திருக்கிறவருக்கும் சொல்லியிருக்கிறாய். அந்த இடத்திலேயே என் கோபம் போய்விட்டது.

உனக்கு இது புதிதும் அல்ல. உனக்கு ஆறு வயது இருக்கும். நான் மட்டக்களப்புப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் சமையல்காரன். புயல் வந்து வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. தென்னை ஓலையெல்லாம் நார்நாராகக் கிழிந்துவிட்டதால் கிடுகு பின்னவும் வழியில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் நனைந்துகொண்டு கிடந்தோம். ஒரு லொறி வந்தது. கூரை போட ஏதோ வந்திருக்கிறது என்று ஓடினோம். உள்ளே முழுவதும் கம்பளிக் கோட்டுகள். கழுத்தைச் சுற்றி மிருகத்து மயிர் வைத்துத் தைத்தவை, பனி கொட்டுகிற நாட்டில் போடுவது. எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது, ஒன்றைப் போட்டுக்கொண்டு நானும் படத்துக்கு நின்றேன். படம் பிடிக்கிறவருக்கு ஒரு சின்னப் பிள்ளை வேண்டியிருந்தது. உன்மேல் ஒன்றைப் போர்த்திச் சிரிக்கச் சொன்னார்.

“எனக்கு வேர்க்குது. வேண்டாம்,” என்று கழற்றி அவர் காலடியில் போட்டுவிட்டு நீ போய்விட்டாய்.

இதுகளுக்குக் கொடுத்தும் நன்றியில்லை என்று லொறியில் வந்தவர் முணுமுணுத்தது இன்றும் என் காதில் இருக்கிறது. நீ அதைக் கவனிக்கவில்லை. இடிந்த வீடுகளுக்குள் புகுந்து வளைந்த ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். நான் அவற்றைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்தினேன். பிறகு எங்கிருந்தோ கொஞ்சம் தகடு கிடைத்தபோது, அந்தத் துருப்பிடித்த ஆணியில்தான் நம் தலைக்கு மேல் கூரை ஏறியது. நன்றி என்ற சொல்லை யாரும் உன் முன்னால் தூக்கிப் பிடித்தால் அந்த ஆணியை நினைத்துக்கொள்.

பனெத்தோனே கதை மண்டபத்துக்குப் போனதும் நடந்ததை நீ முழுதாக அறியமாட்டாய். பவளம் அக்கா நம் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு. வாசலிலேயே நின்று அம்மாவிடம் கேட்டார்.

“அப்ப எங்களை மட்டும் வேண்டாமெண்டு சொல்லேல்லையோ?”

“இல்லை அக்கா. அவள் ஆருக்கும் அப்பிடித்தான்,” என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அக்கா உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தார். அன்றிலிருந்து அந்தத் தூள் வீடு வீடாக விலைக்குப் போயிற்று. பலெர்மோவில் தமிழர் சமைக்கிற வீடு ஒன்று விடாமல் பை இறங்கியது, போதும் என்று சொன்னவர்களுக்கு இரண்டாக இறங்கியது. வந்த காசு முழுவதும் ஆணியாயிற்று. செவ்வாய்க்கிழமை கொள்கலன் ஏற்றும்போது நாங்கள் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது உனக்கே தெரியும். உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றே நான் முன்னால் வந்தேன். பணிப்பாளர் வாசலை மறித்து, இடமில்லை, அந்த மூலை பனெத்தோனேக்கு என்று சொன்னார். அப்போது பவளம் அக்கா பெட்டியைத் தொம்மென்று அவர் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“சிஞ்ஞோரே, இது ஆணி. தின்ன ஏலாது. ஆனாப் பழுதாகாது.”

அவர் அதைத் தமிழில் சொன்னார், நீ இத்தாலியனில் சொன்னாய், ஏற்ற வந்த துறைமுகத் தொழிலாளிகள் சிரித்தார்கள். பணிப்பாளர் நகர்ந்தார். நீ கதவைச் சாத்தி முத்திரை வைத்தாய். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவருக்குக் கோபம் வரும் என்று எனக்கு அப்போதே தெரியும். புதன்கிழமை கடிதம் வந்தது.

அதில் என்ன இருக்கிறது என்று நம்மவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பனெத்தோனேயை ஏற்றாதது என் சொந்தத் தவறு, நன்கொடை தந்தவரிடம் வருந்துகிறேன், அடுத்த கொள்கலனில் அதற்கே முதலிடம். கீழே உன் பெயர், அதன் மேல் வெறும் கோடு. போட்டால் நீ திரும்பி வந்ததும் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். போடாவிட்டால் இந்தப் பயணத்தோடு சரி. ஒப்பந்தம் இல்லையென்றால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லை, பெர்மெஸ்ஸோ இல்லையென்றால் பத்து வயதிலிருந்து நீ வளர்ந்த இந்த ஊரில் நீ இருக்க முடியாது. பணிப்பாளருக்கு இது தெரியும். தெரிந்துதான் அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார்.

“ஒரு கையெழுத்துத்தானே பிள்ளை. போட்டுட்டுப் போ,” என்று அம்மா நேற்று உன் கையைப் பிடித்துக் கேட்டாள். அவளைக் கோழை என்று ஒரு நாளும் நினைக்காதே. கடதாசி இல்லாத காலத்தில் மாடிப்படி கழுவியவள் அவள். பொலிஸ்காரரைக் கண்டால் வாளியோடு கூரைமாடிக்கு ஓடுவாள். அவளுடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் இறந்தபோது போனால் திரும்பி வர முடியாது என்று போகாமல் இருந்தாள். அன்று முழுவதும் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கடதாசியின் விலை அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் போடாதே என்று சொல்வது விலை தெரியாமல் அல்ல.

இன்று காலை சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் என்னை அந்தக் கதிரையில் உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை. தம்பி மனம் நொந்திருக்கிறான், நீ தகப்பன், நீ சொன்னால் கேட்பாள், ஒரு கையெழுத்தால் எல்லாருக்கும் நிம்மதி என்றார். எல்லாருக்கும் என்று சொல்லும்போது குசினிப் பக்கம் பார்த்தார், என் வேலையும் அதற்குள் அடக்கம் என்று விளங்கிக்கொண்டேன். மோசமான மனிதர் இல்லை அவர். உனக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க அலைந்தவர், அதை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் எழுந்து நின்றுதான் பதில் சொன்னேன். சிஞ்ஞோரா, அவள் என் மகள்தான், கை அவளுடையது என்றேன். அவர் கோப்பியைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போனார். அடுத்த கிழமை எனக்கு அங்கே வேலை இருக்குமோ தெரியாது. இருந்தால் சமைப்பேன், இல்லாவிட்டால் வேறு அடுப்பு தேடுவேன். இந்த ஊரில் சமையல்காரனுக்குப் பஞ்சமில்லை என்று அவர்கள் நினைக்கலாம், வீட்டுக்குப் பஞ்சமில்லை என்று நானும் நினைக்கிறேன்.

நீ திரும்பி வரும்போது பெர்மெஸ்ஸோ இல்லையென்று ஆனால், குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் அலுவலக வரிசையில், உன் பக்கத்தில் நான் நிற்பேன். பவளம் அக்கா தானும் வருவேன் என்று சொல்லியிருக்கிறார், அதுதான் எனக்குக் கொஞ்சம் பயம். வேறு வேலை தேடுவோம், வேறு ஒப்பந்தம் கேட்போம், ஏறாத படி இருக்காது. ஆனால் அந்தக் கடிதத்தில் தவறு என்று ஒரு சொல் இருக்கிறதே, அதன் கீழே நீ பெயரைப் போட்டால் அடுத்த புயலுக்கு அந்தத் தாளைத்தான் உன் முன்னால் நீட்டுவார்கள். தகடு வேண்டும் என்று தொலைபேசியில் கெஞ்சிய அந்த ஆசிரியை கேட்டது தவறு என்றாகிவிடும். அதை உன் கையால் எழுதாதே.

ஒரு புத்தி சொல்லாமல் விட்டால் நான் அப்பன் இல்லை. அங்கே போய்க் கொள்கலன் கதவைத் திறக்கும்போது, யாராவது ஒரு பெண் வந்து உன் ஆணியைப் பார்த்துவிட்டு இது எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடும். அவர்கள் கூரையைக் கயிற்றால் கட்டுகிற ஆட்களாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. அப்போது நீயும் தூள் பையோடு நிற்கிற பவளம் அக்காதான். முகத்தைச் சுருக்காதே. உட்கார்ந்து ஏன் என்று கேள். இங்கே மண்டபத்தில் நீ உட்காரவில்லை, நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாய். அவர்கள் ஏதாவது சாப்பிடத் தந்தால் மறுக்காமல் சாப்பிடு. கொடுக்கிற கையாகவே நாள் முழுவதும் இருப்பது மனிதருக்கு நல்லதில்லை.

இனி வருவது உன் பிரதிக்கு மட்டும், பலகையில் இது இருக்காது. உன் பெட்டியின் அடியில், சட்டைகளுக்குக் கீழே, ஒரு பொட்டலம் தூள் இருக்கிறது. நிவாரணம் இல்லை, உனக்கு. அங்கே மீன் கிடைக்கும், தேங்காயும் கிடைக்கும். அதை மறுக்க எந்தத் திட்டத்திலும் உனக்கு அதிகாரம் இல்லை. மேசையில் கிடந்த பணிப்பாளரின் கடிதத்தைக் காணவில்லை என்று தேடாதே, பொட்டலம் அதில்தான் சுற்றியிருக்கிறது. போடத்தான் வேண்டும் என்று உனக்கே தோன்றினால் பிரித்து எடு, மிளகாய் நிறம் பட்டிருக்கும், ஆனால் பேனா பிடிக்கும். கை உன்னுடையது என்று சிஞ்ஞோராவிடம் சொன்னதை நான் மாற்ற மாட்டேன். நான் தூளை அள்ளி வைத்துவிட்டுப் பழைய பத்திரிகை தேடிக்கொண்டு நின்றேன். அம்மா அப்போதும் உன் சட்டைகளை மடித்துக்கொண்டு அழுதுகொண்டுதான் இருந்தாள். எழுந்து போய் மேசையில் கிடந்த அந்தத் தாளை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள்.

“இஞ்சாருங்கோ, இதிலை சுத்துங்கோ. இது தடிச்ச தாள்.”